போலீஸ் குண்டுக்கு வழியில் நின்றவர் இறந்தால்: முதல் மூன்று நாளில் ஊர் கையில் வரவேண்டிய காகிதங்கள்

#1 பனைமரக்காடு

கூட்டத்திலேயே இல்லாத ஒருவர், கடை ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தவரோ பஸ்ஸுக்கு நின்றவரோ, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோனால் தமிழ்நாட்டில் ஊர் என்ன செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும். மறியல், கடையடைப்பு, ஜி.எச். வாசலில் உட்கார்ந்து "உடலை வாங்க மாட்டோம்". இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கோட்டாட்சியர் வந்து பேசுவார். நிவாரணத் தொகை, வீட்டில் ஒருவருக்கு வேலை, உடலை வாங்கி அடக்கம். நாலு வருஷம் கழித்து வழக்கில் தேடினால் சட்டை இல்லை, தோட்டா இல்லை, சிசிடிவி அழிந்திருக்கும், குடும்பத்தின் புகார் பதிவாகியே இருக்காது.

அந்த மூன்று நாளில் என்னென்ன கையில் வரவேண்டும், எந்த வரிசையில், எங்கே தட்டிப்போகும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எந்தக் கட்சி ஆட்சியில் என்ன நடந்தது என்று அடித்துக்கொள்ள வேறு இழை இருக்கிறது.

#2 கருப்புக்கோட்டு

முதல் வேலை புகார். எல்லாரும் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள்.

சூடு நடந்த அன்றைக்கே போலீஸ் தரப்பில் ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்துவிடும். சட்டவிரோதமாகக் கூடியது, அரசு ஊழியரைத் தாக்கியது, பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியது. பெயர் தெரிந்த சிலர், "மற்றும் அடையாளம் காட்டக்கூடிய பலர்". இறந்தவரின் மரணமும் அதே எஃப்.ஐ.ஆருக்குள் ஒரு வரியாகப் போய் உட்கார்ந்துவிடும். ஆக, செத்தவர் குற்றவாளிக் கூட்டத்தில் ஒருவர்.

இதில் சிக்கல் என்னவென்றால், ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது எஃப்.ஐ.ஆர். கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் டி.டி. ஆன்டனி வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருந்து வந்ததுதான்: 1994 நவம்பரில் கேரளத்தின் கூத்துப்பறம்பில் 5 பேர் இறந்த சம்பவம். விசாரணைக் கமிஷன் அறிக்கை வந்த பிறகு அதை வைத்துப் புதிதாகப் போட்ட எஃப்.ஐ.ஆரை நீதிமன்றம் ரத்து செய்தது. கமிஷன் வரட்டும், அப்புறம் வழக்குப் போடலாம் என்று சொல்பவர்கள் இதைப் படித்துவிட்டு வரவும்.

வழி இருக்கிறது. 2004-ல் உப்கார் சிங் வழக்கில், எதிர்த்தரப்பு தன் பங்குக்குக் கொடுக்கும் புகாருக்கு இந்தத் தடை பொருந்தாது என்று தெளிவாக்கிவிட்டார்கள். அதாவது குடும்பம் கொடுக்கும் புகார் எதிர்ப்புகார், தனி எஃப்.ஐ.ஆர். ஆகலாம். ஆனால் அது குடும்பத்தின் சொந்த வாயால், சீக்கிரம், எழுத்தில் வந்திருக்க வேண்டும்.

வரிசை இது:

எழுத்துப் புகாரை ஸ்டேஷனில் கொடுங்கள். வாங்க மறுத்தாலோ, எஃப்.ஐ.ஆருக்குப் பதில் சி.எஸ்.ஆர். ரசீது (மனு வந்தது என்று மட்டும் சொல்லும் தாள்) நீட்டினாலோ, அன்றே எஸ்.பி.க்கு (மாநகரம் என்றால் ஆணையருக்கு) பதிவுத் தபால், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)-ன்படி. அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் 175. தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள். மாஜிஸ்திரேட் முதலில் கேட்பது அதைத்தான். அரசு ஊழியர்மீது புகார் என்பதால் 175(4)-ன்படி மேலதிகாரியின் அறிக்கையையும் அந்த ஊழியர் சொல்வதையும் கேட்டுவிட்டுத்தான் உத்தரவிடலாம். இது 2024 ஜூலை 1-ல் புதிய சட்டத்தோடு வந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 156(3) நினைப்பில் போனால் தடுமாறுவீர்கள்.

#3 தடயம்

புகார் சரி. ஆனால் புகாருக்குக் காத்திருக்கும் நேரத்தில் பிரேத பரிசோதனை முடிந்துவிடும். அதைத் திரும்பச் செய்தாலும் பாதிதான் கிடைக்கும், எனவே அதற்கான மனு முன்னால் போகவேண்டும்.

ஜி.எச். டீனுக்கும் விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் ஒரே மனு, இரண்டு பிரதி, இரண்டிலும் முத்திரையும் நேரமும். கேட்க வேண்டியவை:

இரண்டு மருத்துவர்கள், வீடியோ பதிவு. இது சலுகை கிடையாது. 2014 செப்டம்பர் 23-ல் பி.யூ.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) எதிர் மகாராஷ்டிரா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்ன 16 நெறிமுறைகளில் ஒன்று. முடிந்தவரை அந்த இருவரில் ஒருவர் மாவட்ட மருத்துவமனைத் தலைவராக இருக்க வேண்டும் என்றும் அதில் உண்டு.

உடலைத் திறப்பதற்கு முன் முழு உடல் எக்ஸ்ரே, உடையோடு ஒன்று, உடை இல்லாமல் ஒன்று. குண்டு உள்ளே நின்றிருக்கிறதா, சிதறியிருக்கிறதா என்று இதில்தான் தெரியும். எக்ஸ்ரே எடுக்காமல் கிழித்துத் தேடினால் சின்னச் சிதறல்கள் தப்பிவிடும்.

காயங்களின் படம், பக்கத்தில் அளவுகோல் வைத்து. உள்ளங்காலில் இருந்து காயம் எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று எழுதச் சொல்லுங்கள். நெஞ்சுக்கு நேராகவா, குனிந்து ஓடும்போதா என்ற கேள்விக்கு இந்த எண் வேண்டும்.

குண்டை எடுக்கும்போது ரப்பர் முனை இடுக்கியோ கையுறை விரலோதான். சாதாரண இரும்பு இடுக்கியால் பிடித்து இழுத்தால் குண்டின் மேல் புதுக் கீறல் விழும். எந்தத் துப்பாக்கி என்று ஒப்பிட உதவுவது குழல் பதித்த கீறல்கள்தான். அதன்மேல் இடுக்கிக் கீறல் விழுந்தால் ஆய்வகம் "கருத்துச் சொல்ல இயலவில்லை" என்று எழுதிவிட்டுப் போகும்.

இரண்டு கையையும் காகித உறையால் மூடிக் கட்டச் சொல்லுங்கள், கழுவுவதற்கு முன்னால். "அவர் கையில் நாட்டுத்துப்பாக்கி இருந்தது" என்று பின்னால் கதை வந்தால் பதில் சொல்ல.

இன்னொன்று, ஊரில் கிளம்பும் தவறான பேச்சு. "முதுகில் பெரிய ஓட்டை, முன்னால் சின்ன ஓட்டை, அதனால் முதுகில் சுட்டார்கள்" என்று மைக்கில் சொல்கிறார்கள். ரைபிள் குண்டு பெரும்பாலும் உள்ளே போகும் இடத்தில் சின்னதாகவும் வெளியே வரும் இடத்தில் பெரிதாகவும் கிழிக்கும். உள்நுழைந்த காயத்தைச் சுற்றித் தோல் உராய்ந்த வளையம் இருக்கும், அதுதான் அடையாளம். மேடையில் ஒன்றும் அறிக்கையில் ஒன்றும் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சாட்சியை அதை வைத்தே உடைப்பார்.

#4 ரிசர்வ்லைன்

தடயம் சார் எழுதியது சரி. ஆனால் பி.யூ.சி.எல். தீர்ப்பு என்கவுன்டருக்கு, கூட்டத்தைக் கலைக்கச் சுட்டதற்கு அது பொருந்தாது என்று எங்கள் போலீஸ் பக்கத்தில் இருந்து உடனே சொல்வார்கள். பதில் இருக்கிறதா?

அப்புறம், இதையும் சொல்லிவிடுகிறேன். லத்தியோடு நிற்கும் கான்ஸ்டபிள் யாரும் சுட முடிவெடுப்பதில்லை. பி.என்.எஸ்.எஸ். 148-ன்படி கலைந்துபோக உத்தரவிட வேண்டியவர் நிர்வாக மாஜிஸ்திரேட் அல்லது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி, அவர் இல்லாவிட்டால் எஸ்.ஐ.க்குக் குறையாத அதிகாரி. அந்த எழுத்துப்பூர்வ உத்தரவு எங்கே என்று யாரும் கேட்பதே இல்லை. சுட்டவர் பெயரையே தேடுகிறார்கள். உத்தரவிட்டவர் பெயரைத் தேடுங்கள்.

#5 கருப்புக்கோட்டு

ரிசர்வ்லைன் ஐயா, பதில் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாஜிஸ்திரேட் விசாரணை "போலீஸ் துப்பாக்கிச் சூட்டின்போது நிகழும் எல்லா மரணங்களிலும்" கட்டாயம் என்றுதான் நெறிமுறையில் வருகிறது. மற்ற அம்சங்களில் என்கவுன்டர் என்ற சொல் இருப்பது உண்மை, வாதாடித்தான் வாங்க வேண்டும். மனுவில் அந்த ஒரு வரியை அப்படியே எடுத்துப் போடுங்கள், பாதி எதிர்ப்பு அடங்கும்.

விசாரணை நடத்துவது யார் என்பதில் குழப்பம் வேண்டாம். காவலில் இறந்தால் நீதித்துறை மாஜிஸ்திரேட். தெருவில் சுடப்பட்டு இறந்தால் பெரும்பாலும் கோட்டாட்சியர்தான் வருவார். இரண்டும் பி.என்.எஸ்.எஸ். 196-ன் கீழ்தான். முடிந்தவரை உறவினருக்குத் தகவல் சொல்லி, விசாரணையில் இருக்க விடவேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. கோட்டாட்சியரே சூட்டுக்கு உத்தரவிட்ட வருவாய்த் துறையைச் சேர்ந்தவராக இருந்தால் அந்த ஆட்சேபத்தை முதல் நாளே எழுதிக் கொடுங்கள். அறிக்கை வந்த பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

உடலைப் பாதுகாக்க வேண்டும் என்றால்: உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2020 டிசம்பரில் காவல் மரணங்களுக்கு ஒரு நடைமுறை வகுத்தது. உறவினர் உடலைப் பார்க்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். உயர் நீதிமன்றம் போகப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் 48 மணி நேரம் உடலை வைத்திருக்க வேண்டும். காவல் மரணத்துக்குச் சொன்னதுதான், ஆனால் துப்பாக்கிச் சூட்டிலும் எடுத்துக்காட்டலாம். தூத்துக்குடியில் 2018 மே 22 சூட்டுக்கு மறுநாளே உடல்களைப் பாதுகாக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவிருக்கட்டும்.

#6 மேலவீதி

ராத்திரி பிரேத பரிசோதனை பற்றி யாரும் சொல்லவில்லையே. 2021 நவம்பரில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று அனுமதித்தது. கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றை ராத்திரியில் செய்யக்கூடாது என்று அதிலேயே விலக்கு உண்டு. ஆனால் "சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் தவிர" என்று விலக்குக்குள் ஒரு விலக்கு. வாசலில் ஐந்நூறு பேர் கத்திக்கொண்டு நின்றால் அந்த விலக்குக்கு நாமே வழி திறந்துவிடுகிறோம். கூட்டத்தை ஜி.எச். காம்பவுண்டுக்கு வெளியே, இரண்டு தெரு தள்ளி உட்கார வையுங்கள். உள்ளே குடும்பத்தில் இரண்டு பேர், வக்கீல் ஒருவர் போதும்.

#7 பனைமரக்காடு

மேலவீதி அண்ணே, அப்படியென்றால் உடலை வாங்க மறுப்பதே தப்பு என்கிறீர்களா?

#8 மேலவீதி

தப்பு என்று சொல்லவில்லை. ஊர் கையில் இருக்கும் ஒரே பிடிமானம் அதுதான், அதை எதற்குச் செலவு செய்கிறோம் என்பதில்தான் கோளாறு.

பேச்சுவார்த்தையில் என்ன நடக்கும் என்றால், தாசில்தார் அலுவலகத்தில் ஊர்ப்பெரியவர்கள், கட்சிக்காரர்கள், சங்கத்துக்காரர்கள் உட்காருவார்கள். முதல் ஒரு மணி நேரம் "சுட்டவரைக் கைது செய்". இரண்டாவது மணி நேரம் பணம் எவ்வளவு. மூன்றாவது மணி நேரம் வேலை எந்தத் துறையில். கைது என்ற சொல் அப்புறம் மேசைக்கே வராது. பணமும் வேலையும் அரசு எப்படியும் கொடுக்கும். தூத்துக்குடியில் 10 லட்சம் அறிவித்து 20 லட்சமாக உயர்த்தினார்கள், வேலையும் கொடுத்தார்கள். உடலைக் காட்டிப் பேரம் பேசி வாங்க வேண்டியது அரசு தானாகக் கொடுக்காதவை: குடும்பத்தின் புகார்மேல் தனி எஃப்.ஐ.ஆர். எண், விசாரணை அந்த ஸ்டேஷன் கையில் இல்லை என்பதற்கு எழுத்து, பிரேத பரிசோதனை வீடியோ நகல், துப்பாக்கிகள் ஆய்வகத்துக்குப் போனதற்குச் சான்று. இந்த நாலும் முடிந்தால் அன்றே வாங்கி அடக்கம் செய்யலாம். பத்து நாள் உடலை வைத்துக்கொண்டு வீட்டுப் பெண்களை வெயிலில் உட்கார வைக்க வேண்டியதில்லை.

கூட்டக் குறிப்பில் கையெழுத்து இல்லாமல் எழுந்திருக்காதீர்கள். "கோரிக்கைகள் பரிசீலிக்கப்படும்" என்ற வரிக்கு மதிப்புக் கிடையாது. எண், தேதி, பொறுப்பு அதிகாரியின் பதவி வேண்டும். குடும்பத்திடம் வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால், யார் கேட்டாலும், நம்ம சங்கத்துக்காரரே கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

#9 ரிசர்வ்லைன்

மேலவீதி சொன்ன அந்த மூன்றாவது மணி நேரம்... அப்படியே நடக்கும். ஒரு வார்த்தை கூடக் குறையவில்லை.

தோட்டாக் கணக்கு பற்றிச் சேர்க்கிறேன். ஒவ்வொரு துப்பாக்கியும் ஆயுதக் கிடங்கில் இருந்து கையெழுத்துப் போட்டுத்தான் வெளியே போகும், எத்தனை தோட்டா என்றும் எழுதியிருக்கும். திரும்பும்போது மிச்சத் தோட்டாவும் காலி உறையும் கணக்கில் வரவேண்டும். இந்தப் பதிவேடு, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பு, கண்ட்ரோல் ரூம் வயர்லெஸ் பதிவு மூன்றையும் பாதுகாக்கும்படி மாஜிஸ்திரேட்டிடம் மனு போடுங்கள். மூன்றும் தனித்தனி ஆட்கள் எழுதுவது, ஒன்றைத் திருத்தினாலும் மற்ற இரண்டோடு நேரம் இடிக்கும். "எச்சரித்தோம், கண்ணீர்ப்புகை வீசினோம், தடியடி, அப்புறம்தான் சுட்டோம்" என்று அறிக்கையில் வரிசையாக வரும். கண்ணீர்ப்புகைக் குண்டு எத்தனை செலவானது என்று பதிவேட்டில் பாருங்கள். பூஜ்யம் என்றால் மிச்சம் நான் சொல்ல வேண்டியதில்லை.

"வானத்தை நோக்கிச் சுட்டோம், தவறிப் பட்டுவிட்டது" என்ற விளக்கம் வந்தால் அதுவே ஒப்புதல் மாதிரி. கூட்டத்தின் தலைக்குமேல் சுடாதே, தாழ்த்தி, மிரட்டலாக நிற்பவரைப் பார்த்துச் சுடு என்றுதான் பயிற்சி. காரணமே தூரத்தில் நிற்கும் சம்பந்தமில்லாதவர்மேல் பட்டுவிடக்கூடாது என்பது.

#10 தடயம்

தெறித்துப் பட்டது என்றும் சொல்வார்கள். சுவரிலோ தார்ச்சாலையிலோ பட்டுத் தெறித்த குண்டு நசுங்கியிருக்கும், உள்நுழைந்த காயம் வட்டமாக இல்லாமல் ஒழுங்கற்று இருக்கும், சில சமயம் குண்டிலேயே சுண்ணாம்போ தாரோ ஒட்டியிருக்கும். வட்டக் காயம், முழுசான குண்டு என்றால் தெறித்தது என்பது கஷ்டம். அதனால்தான் குண்டைக் கழுவாமல் உறையில் போடச் சொல்லி மனுவில் எழுத வேண்டும்.

தூரம் பற்றி ஒரு எச்சரிக்கை. கரியும் வெடிமருந்துத் துகளும் தோலில் படிவது மிகக் கிட்டத்தில், ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் சுட்டால்தான். அதைத் தாண்டினால் 10 மீட்டரா 100 மீட்டரா என்று காயத்தைப் பார்த்து எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. தூரம் நிரூபிக்க இடத்தைத்தான் அளக்க வேண்டும்: சுவரில் குண்டு பட்ட துளை தரையில் இருந்து எவ்வளவு உயரம், ரத்தம் கிடந்த இடம், காலி உறைகள் கிடந்த இடம். போலீஸ் பார்வை மகஜரும் (இடத்தில் கண்டதை எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடமும் போடும், சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் கூப்பிடும். தெருக்காரர் ஒருவர் போய்ப் படித்துவிட்டுப் போடட்டும். கிடக்கும் காலி உறையை ஞாபகார்த்தமாகப் பையன்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அதைத் தடுங்கள். எடுத்த பொருள் படிவம் 95-ல் நீதிமன்றத்துக்கு என்றைக்குப் போனது என்று தேதி பாருங்கள். பத்து நாள் ஸ்டேஷனில் கிடந்து போயிருந்தால் அதைக் கேள்வி கேட்கலாம்.

#11 பிக்சல்

வீடியோ.

கடை, வங்கி, வீட்டுக் கேமராப் பெட்டிகள் பழையதன்மேல் தானாக எழுதிக்கொள்ளும். வட்டின் கொள்ளளவைப் பொறுத்து ஒரு வாரமோ ஒரு மாதமோதான் தாங்கும். அன்றைக்கே தெருவில் நடந்து எத்தனை கேமரா, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எழுதி, ஒவ்வொரு உரிமையாளருக்கும் "இன்ன நேரத்தில் இருந்து இன்ன நேரம் வரை அழிக்க வேண்டாம்" என்று கடிதம். போலீஸ் பெட்டியையே எடுத்துப்போனால் கைப்பற்றல் மகஜர் நகல் கேளுங்கள், வட்டின் வரிசை எண்ணோடு.

பெட்டியின் கடிகாரம் பெரும்பாலும் தப்பாக ஓடும். திரைக்குப் பக்கத்தில் போனில் சரியான நேரத்தைக் காட்டி இரண்டையும் ஒரே படத்தில் எடுத்துவிடுங்கள். நாலு கேமராவை ஒரே நேரக்கோட்டில் பொருத்த அது ஒன்றே போதும்.

போனில் எடுத்தவர்கள் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கும், எடுத்த நேர விவரமும் போய்விடும். ஆவணமாக அனுப்புங்கள், எடுத்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். நீதிமன்றத்தில் வைக்க பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4)-ன்படி சான்றிதழ் வேண்டும். பழைய 65பி மாதிரி ஒற்றைத்தாள் போதாது. அ பகுதி கொடுப்பவருக்கு, ஆ பகுதி நிபுணருக்கு, ஹாஷ் மதிப்பும் (கோப்பின் கைரேகை மாதிரியான எண், கோப்பைத் தொட்டால் மாறிவிடும்) எழுத வேண்டும். நகல் எடுத்த அன்றைக்கே ஹாஷ் எடுத்து வைத்தால் பின்னால் "எடிட் செய்தது" என்ற வாதம் நிற்காது. பாட்டுப் போட்டு, சிவப்பு வட்டம் போட்டு ஸ்டேட்டஸ் வைத்த பிரதியைச் சாட்சியமாகக் கொண்டுவராதீர்கள்.

இணையத்தைத் துண்டிப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2018-ல் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் துண்டித்தார்கள். பென்டிரைவ் இரண்டு வாங்கி, ஒன்றை ஊருக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

#12 பனைமரக்காடு

காயம்பட்டவர்கள்? குண்டடிபட்டு ஜி.எச். போனால் கேஸில் சேர்த்துவிடுவார்கள் என்று தனியாருக்கு ஓடுகிறார்கள்.

#13 மேலவீதி

பயம் நியாயமானது, ஆனால் ஜி.எச். விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏறாவிட்டால் அவர் சுடப்பட்டதற்கே சான்று இல்லாமல் போய்விடும். ஏ.ஆர். காப்பியில் "எப்படி ஏற்பட்டது" என்ற இடத்தில் காயம்பட்டவர் சொல்வதை மருத்துவர் எழுதுவார். அங்கே "கூட்டத்தில் இருந்தபோது" என்று விழுந்தால் ஆயுசுக்கும் அதுதான். "பஸ் ஸ்டாப்பில் நின்றபோது போலீஸ் சுட்டதில்" என்று தெளிவாகச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டக் கேளுங்கள். பேச முடியாதவருக்குக் கூடப் போகிறவர் சொல்லலாம். தனியாரில் சேர்ந்திருந்தாலும் அங்கிருந்தும் மருத்துவ-சட்ட வழக்காகத் தகவல் போகவேண்டும். அனுப்பினார்களா என்று கேளுங்கள்.

#14 கருப்புக்கோட்டு

சட்டப் பிரிவுபற்றி ஒரு குறிப்பு, ஏனென்றால் வழிப்போக்கர் வழக்கில் சண்டை முழுக்க இங்கேதான்.

அரசுத் தரப்பு பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 106, அதாவது கவனக்குறைவு என்று குறுக்கப் பார்க்கும். நீங்கள் 102-ஐக் கையில் வையுங்கள்: ஒருவரைக் கொல்ல எண்ணிச் செய்த செயலில் இன்னொருவர் இறந்தால், குறிவைக்கப்பட்டவரே இறந்ததைப் போலவேதான் குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 301. "அவரை நாங்கள் குறிவைக்கவே இல்லை" என்பது இதற்குப் பதில் ஆகாது.

அவர்கள் கையில் இருப்பது பி.என்.எஸ். 44. உயிராபத்தான தாக்குதலில் தற்காப்பு, நிரபராதிக்கு ஆபத்து நேர்ந்தாலும் மன்னிப்பு. சட்டத்தில் உள்ள எடுத்துக்காட்டே கும்பலுக்குள் குழந்தைகள் கலந்திருக்கும்போது சுடுவதைப் பற்றியது. ஆனால் உயிர்போகும் என்ற நியாயமான அச்சமும், வேறு வழி இல்லை என்பதும் காட்டப்பட வேண்டும். ரிசர்வ்லைன் சொன்ன கண்ணீர்ப்புகைக் கணக்கு இங்கேதான் வேலை செய்யும். அதிகாரிகள் எத்தனை பேருக்குக் காயம், என்ன காயம் என்று அவர்களுடைய ஏ.ஆர். காப்பியையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த தடை அனுமதி. கூட்டத்தைக் கலைக்கச் சுட்டால் பி.என்.எஸ்.எஸ். 151-ன்படி அரசு அனுமதி இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. அரசு ஊழியர் வழக்குகளுக்குப் பொதுவான அதே சட்டத்தின் 218-ல் 120 நாளுக்குள் முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்று புதிதாக வந்திருக்கிறது. அந்த வரி 151-ல் இல்லை. எது பொருந்தும் என்பது பெரிய வாதம்.

மனித உரிமை ஆணையம்: சம்பவத்தில் இருந்து ஓராண்டுக்குள். மாநில ஆணையத்தில் ஏற்கெனவே நிலுவையில் இருந்தால் தேசிய ஆணையம் எடுக்காது. ஆர்வக்கோளாறில் ஊரில் பத்துப்பேர் இரண்டு இடத்துக்கும் மின்னஞ்சல் தட்டிவிட வேண்டாம், குடும்பம் முடிவு செய்யட்டும். விசாரணைக் கமிஷன் போட்டாலும் இதே தடை வரும். கமிஷன் அறிக்கை அரசைக் கட்டுப்படுத்தாது. தூத்துக்குடிக் கமிஷன் 2018 மே மாதம் போடப்பட்டது, இறுதி அறிக்கை 2022 மே, சட்டமன்றத்தில் வைத்தது அக்டோபர்.

#15 பனைமரக்காடு

ஒரே ஒரு சந்தேகம். இறந்தவர் உடுத்தியிருந்த சட்டையை ஜி.எச். ஊழியர் கவரில் போட்டு வீட்டாரிடமே கொடுத்துவிட்டால்? வாங்கலாமா?

#16 தடயம்

வாங்கினால் "வீட்டில் வைத்திருந்தது, எதுவும் செய்திருக்கலாம்" என்று சொல்வார்கள். அங்கேயே மருத்துவரிடம் திருப்பிக் கொடுத்து, பிரேத பரிசோதனை அறிக்கையில் உடைகள் பட்டியலில் சேர்த்து முத்திரை வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது என்றால் துவைக்காதீர்கள், தீயில் போடாதீர்கள், மடிக்கவும் வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் இருந்து உடனே எடுத்து, இல்லாவிட்டால் ரத்தம் அழுகிப் பூஞ்சை பிடித்துவிடும், நிழலில் சுத்தமான காகிதத்தின்மேல் விரித்துக் காய வையுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் யார் விரலும் படக்கூடாது. காய்ந்ததும் ஓட்டையின் மேலும் கீழும் ஒரு வெள்ளைத்தாள் வைத்து, தனித்தனிக் காகித உறை, ஒட்டிய இடத்தில் இரண்டு பேர் கையெழுத்து, தேதி, நேரம். மறுநாள் காலையில் வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.